மாப்பிள்ளை ஆப்பிரிக்காவைச் சுற்றிய ஆனி மாதம்

எனக்கு மாப்பிள்ளை பேசி முடித்த வருஷம், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று ஊருக்குச் சொல்வதற்குள் அப்பாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கப்பலில் ஃபிட்டர் என்றால் கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். கப்பலில் என்ன ஏற்றுகிறார்கள் என்று அடுத்த கேள்வி வரும். அங்கேதான் வம்பு. அந்தக் கப்பல் ஏற்றியது கேஸ். எங்கள் ஊரில் கேஸ் என்றால் இரண்டுதான்: கல்யாணப் பந்தலில் புஸ்ஸென்று எரியும் கேஸ் லைட், கோலி சோடாவில் மூக்குக்கு ஏறும் கேஸ். கேஸ் லைட்டுக்குக் கேஸ் கொண்டுபோகிற கப்பல் என்று ஒரு வீட்டில் சொன்னார்கள். "காத்த விக்கிறானாம்ப்பா" என்றார்கள் இன்னொரு வீட்டில். பூ எடுக்க வரும் பெண்கள் என்னைப் பார்த்தால், "ஏத்தா, ஒம் மாப்பிள்ளை ஏவாரம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா போன ஆடிக் காத்த அம்புட்டையும் கோணியில கட்டி வச்சிருப்பமே" என்பார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. "இந்த ஆடிக்குக் கட்டி வைங்க, எடை போட்டு எடுத்துக்குவாரு" என்பேன்.

எங்கள் ஊர் சின்னாளபட்டியிலிருந்து நடந்துபோகிற தூரம். அப்பாவுக்குக் கொஞ்சம் தோட்டம் இருந்தது. மல்லிகை, கனகாம்பரம், ஓரத்தில் கத்தரி. அம்மா இல்லை, நான் பள்ளி முடிப்பதற்கு முன்பே போய்விட்டார். எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பிறகு இரண்டு வருஷம் வீட்டில் பூக்கட்டிக்கொண்டு இருந்த எனக்கு, அந்தச் சித்திரையில் திண்டுக்கல் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலிருந்து கார்டு வந்தது. இடம் கிடைத்துவிட்டது. இரண்டு வருஷம், விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். ஜூலை பதினைந்துக்குள், அதாவது ஆனி முடிவதற்குள், நேரில் வந்து சேராவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும் என்று கீழே அச்சடித்திருந்தது. அந்தக் கார்டைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினேன். எனக்கு அதுவரை வாழ்க்கையில் என் பெயருக்கென்று வந்த ஒரே பொருள் அதுதான்.

அப்பா ஒரே பேச்சில் நின்றார். "கழுத்துல ஒண்ணு ஏறட்டும். பெறகு நீ திண்டுக்கல்லுக்குப் போ, டில்லிக்குப் போ, நான் ஏன்னு கேக்க மாட்டேன்." கல்யாணம் ஆகாத பெண் வெளியில் தங்கினால் ஊர் பேசும் என்ற பயம் அவருக்கு. படித்துவிட்டுக் கட்டிக்கொள்கிறேன் என்று நானும் மல்லுக்கட்டிப் பார்த்தேன். நடக்கவில்லை.

மாப்பிள்ளை செம்பட்டிக்காரர். தாய் தகப்பன் இல்லாமல் அக்காவிடம் வளர்ந்தவர். திண்டுக்கல்லில் ஒரு பட்டறையில் வெல்டிங் பழகி, பம்பாய்க்குப் போய், அங்கிருந்து கப்பலேறியிருந்தார். தை மாதம் லீவில் வந்தபோது ஒரே ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்தார். பெண் படிப்பதில் தனக்கு ஒரு தடையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எல்லாம் கடிதம்தான், அதுவும் அப்பாவுக்கு. அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். மருமகன் மாமனாருக்கு எழுதும் கடிதங்களை மணப்பெண்தான் உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த மாப்பிள்ளை மாமனாருக்குப் பக்கம் பக்கமாகக் கேஸைப் பற்றி எழுதுவான்?

கேஸை மிஷின் வைத்துக் குளிரக் குளிர வைத்தால் தண்ணீர் போல ஆகிவிடும், ஒரு வீடு நிறைய இருப்பது ஒரு பெரிய அண்டாவுக்குள் அடங்கிவிடும் என்று எழுதியிருந்தார். கப்பல் வயிற்றில் இரும்பு டாங்கிகளில் அதை நிரப்பிக்கொண்டு அரபு தேசத்துத் துறைமுகத்திலிருந்து புறப்படுவார்களாம். ஐரோப்பாவில் அதை வைத்துச் சமைக்கிறார்கள், குளிருக்கு வீட்டைச் சூடாக்குகிறார்கள். எவ்வளவு குளிர வைத்தாலும் வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே வரும்; அதைப் பிடித்து மறுபடியும் குளிர்வித்து டாங்கிக்கே அனுப்புகிற மிஷின்தான் அவர் பொறுப்பு. சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போதுகூட டாங்கியைத் துடைத்துக் காலி செய்ய மாட்டார்களாம். அடியில் கொஞ்சம் கிடந்தால்தான் டாங்கி குளிர்ச்சி விடாமல் இருக்குமாம். "நாள் கூடக்கூட எங்களுக்கு வேலையும் கூடும், சரக்கும் குறையும் மாமா. சூயஸ் கால்வாய் மட்டும் இல்லையென்றால் ஆப்பிரிக்கா முழுவதையும் சுற்ற வேண்டும். அப்புறம் இந்த வியாபாரம் யாருக்கும் கட்டாது" என்று ஒரு கடிதத்தில் இருந்தது.

அப்பாவுக்கு அதில் ஒரு விஷயம்தான் தேவைப்பட்டது.

"அந்தக் கால்வாயத் தாண்ட எத்தன நாளு ஆகுமாம்?"

"ஒரு நாளுதானாம்ப்பா."

"ஒரு நாளுதான? அப்பச் சரி."

வைகாசிக் கடைசியில் கால்வாயைக் கடந்து, ஏடனில் இறங்கி, வேறு கப்பல் பிடித்துப் பம்பாய்க்கு வந்துவிடுவேன் என்று அவர் எழுதியிருந்தார். அப்பா வத்தலக்குண்டு பஸ்ஸுக்கு நேரம் பார்ப்பது மாதிரி விரல் விட்டு எண்ணினார். ஐரோப்பாவிலிருந்து கால்வாய்க்குப் பத்து நாள், கால்வாய் ஒரு நாள், ஏடனுக்கு நாலு நாள், பம்பாய்க்கு ஒரு வாரம், ரயிலுக்கு மூன்று நாள், முன்னே பின்னே ஆனாலும் ஆகட்டும் என்று இரண்டு நாள். ஆனி நடுவில் முகூர்த்தம் குறித்தாயிற்று. அதோடு நிற்கவில்லை. எங்கள் பக்கம் மூன்று நாளோ ஐந்து நாளோ முன்னால் ஊன்றுகிற முகூர்த்தக்காலை, நல்ல நாள் அமைந்திருக்கிறது என்று ஒரு மாதம் முன்னால், வைகாசியிலேயே ஊன்றிவிட்டார். கல்யாண முருங்கைக் கொம்பு, மஞ்சள் குங்குமம், மாவிலை, எல்லாம் முறையாக. நல்ல நாளாவது ஒன்றாவது. இவள் எந்த நேரத்தில் மனசு மாறுவாளோ என்று எனக்காக அடித்த முளை அது. எனக்கு அப்போதே தெரியும்.

எங்கள் வகையறாவில் கால் ஊன்றிவிட்டால் தாலி ஏறும்வரை பெண் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. இடையில் காலைப் பிடுங்கவும் கூடாது. மாப்பிள்ளை செத்துப்போனால்தான் பிடுங்குவார்கள். அதனால் மாப்பிள்ளை உயிரோடு இருக்கும்போது பிடுங்கினால் அது அவருக்கு ஆகாது. பஸ் நிற்கும் புளியமரம் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தது. திண்டுக்கல் பஸ் வந்து நிற்பதையும் ஆட்கள் ஏறுவதையும் எங்கள் தோட்டத்து வரப்பில் நின்றே பார்க்கலாம். ஒரு மாதம்தானே என்று நானும் பொறுத்துக்கொண்டேன்.

கால் ஊன்றிப் பத்து நாள்கூட ஆகியிருக்காது. சாயங்காலம் குடத்தோடு பஞ்சாயத்து ஆபீஸ் பக்கம் போனபோது ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. எகிப்தில் சண்டை. சூயஸ் கால்வாய் மூடப்பட்டுவிட்டது. சில கப்பல்கள் உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கின்றன.

குடத்தை இறக்கி வைத்துவிட்டு அப்படியே நின்றேன். எனக்கு முதலில் தோன்றியது என்ன என்று இன்றைக்கும் மறக்கவில்லை. அவருக்கு என்ன ஆயிற்றோ என்று தோன்றவில்லை. போச்சு, என் சீட்டு போச்சு என்றுதான் தோன்றியது.

சின்னாளபட்டியிலிருந்து ஒரு நெசவாளி பூ வாங்க வருவார். சுங்குடிச் சேலைச் சாயம் ஏறி விரலெல்லாம் எப்போதும் சிவந்திருக்கும். அவரிடம் அப்பா விசாரித்தார். "போன தடவையும் இப்படித்தான் மூடுனாக அண்ணே. சீமைச் சாயம் வராம எங்காளுக அஞ்சாறு மாசம் தவிச்சுப்போனோம்" என்றார் அவர், ஏதோ எங்களுக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி. அஞ்சாறு மாசம் என்ற சொல்லைக் கேட்டு அப்பா வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் கொடுமை. கப்பல் உள்ளே மாட்டியதா, வெளியே நிற்கிறதா, குண்டு விழுந்ததா, ஒன்றும் தெரியாது. கேஸ் கப்பலில் குண்டு விழுந்தால் என்ன ஆகும் என்று ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். காற்றுக் கப்பல் என்று கேலி பேசிய வாய்கள்தான். முகூர்த்தக்காலைக் கேட்பாரில்லை, அது பாட்டுக்கு வேர் பிடித்து, ஒரு நாள் பார்த்தால் துளிர் விட்டிருந்தது. நல்ல சகுனம் என்று தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதை ஆட்டுக்கு ஒடித்துப் போட்டிருப்பேன்.

ஒரு மத்தியானம் அப்பா தோட்டத்தில் இருந்தார். நான் அந்தக் கொம்பைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன். மாப்பிள்ளை இல்லை என்று ஒரு சேதி வந்தால் இதைப் பிடுங்கிவிடலாம், நான் பஸ் ஏறலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை மறைக்க மாட்டேன். ஒரு நொடிதான். உடனே கையை எடுத்துவிட்டேன்.

முகூர்த்தத்துக்கு ஐந்து நாள் இருந்தது. புளியமரத்தடியில் இறங்கிய ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வருவதை வரப்பிலிருந்து பார்த்தேன். மாப்பிள்ளையின் அக்கா. எனக்கு மதினி முறை. கையில் தந்தி. அப்போதெல்லாம் தந்தி என்றாலே சாவுதான். மதினிக்கு எழுத்து தெரியாது. அவர் வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் தெரியாது. வேறு யாரிடமும் காட்டப் பயந்துகொண்டு பஸ் ஏறி நேராக என்னிடம் வந்திருந்தார்.

"நீயே படிச்சுச் சொல்லு ஆத்தா. எதுவா இருந்தாலும் ஒன் வாயால கேக்குறேன்."

பிரித்தேன். கப்பல் எண்ணெய் நிரப்ப நின்ற ஏதோ ஆப்பிரிக்கத் துறைமுகத்திலிருந்து வந்திருந்தது. மொத்தமே நாலைந்து சொல்தான். நலம். ஆப்பிரிக்காவைச் சுற்றி வருகிறோம். ஆகஸ்டில் வருவேன். உரக்கப் படித்துத் தமிழில் சொன்னேன். மதினி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அப்பா பழனிமலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கும் நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியது உண்மை. இறங்கிய கையோடு இன்னொன்று ஏறி உட்கார்ந்தது. ஆகஸ்ட் என்றால் ஆடி. ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆவணிவரை கால் நிற்கும், நானும் நிற்பேன், சீட்டு நிற்காது.

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். "தம்பி நல்லாருக்கான்னுதான போட்டுருக்கு? ஒம் மூஞ்சி ஏன் ஆத்தா இப்படிப் போகுது?"

வேறு பெண்ணாக இருந்தால் ஒன்றுமில்லை மதினி என்றிருப்பாள். நான் உள்ளே போய்த் தலையணை உறையிலிருந்து கார்டை எடுத்துவந்து அவர் கையில் வைத்தேன். "இது போகப் போகுது மதினி. ஒங்க தம்பி ஆகஸ்டுல வருவாரு. இது வராது."

மதினி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்து தெரியாதவர் ஒரு கார்டில் என்னத்தைப் பார்ப்பார்? பிறகு அப்பாவைப் பார்த்து, "மாமா, குறிச்ச முகூர்த்தம் குறிச்ச முகூர்த்தமாவே இருக்கட்டும். நான் கட்டுறேன்" என்றார்.

மாப்பிள்ளை வர முடியாத இடத்தில் இருந்தால் அவருடைய அக்காவோ தங்கையோ தாலி கட்டலாம் என்பது எங்கள் வகையறாவில் இருந்த வழக்கம்தான். ஆனால் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அது பழைய சண்டையில பட்டாளத்துக்குப் போயிருந்தப்பக் கட்டுனது தாயி. இப்ப யாரு கட்டுறா?"

"இப்பவும் சண்டைதான மாமா நடக்குது? அதுலதான மாட்டிக்கிட்டான்?"

"மாப்பிள்ளையக் கேக்காமயா?"

"நடுக்கடல்ல எங்கிட்டுப் போயிக் கேக்குறது? அவன நான் வளத்தேன். வந்து சண்டைக்கு நின்னா எங்கூட நிக்கட்டும்."

என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அது எனக்கு நன்றாகத் தெரிந்ததால் மதினி முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவர் தம்பிக்கு ஒரு பெண்ணைக் கட்டிவைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். நான் அவர் தம்பியை வைத்து எல்லையைத் தாண்டப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குறித்த முகூர்த்தத்தில் மணையில் எனக்குப் பக்கத்தில் மதினி உட்கார்ந்தார். பட்டுச்சேலைக்கு மேல் தம்பியின் வேட்டியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். மேளம் கொட்டியது. மூன்று முடிச்சும் அவரே போட்டார். நான் மனசுக்குள் திண்டுக்கல் பஸ்ஸின் நேரத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் முகூர்த்தக்காலைப் பிடுங்கினார்கள். நான்காம் நாள் அப்பா என் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு புளியமரம்வரை வந்தார். பஸ் வந்ததும் பெட்டியை ஏற்றிவிட்டு, "வேளாவேளைக்குச் சாப்பிடு" என்றார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் இறங்கத் தோன்றவில்லை. கார்டில் போட்டிருந்த கெடுவுக்கு இன்னும் சில நாள் பாக்கி இருந்தது.

மாப்பிள்ளைக்கு விஷயத்தைத் தெரிவிக்க வேண்டுமே. எழுதுகிற வேலை வழக்கம்போல என் தலையில் விழுந்தது. பம்பாயில் அவர்கள் கம்பெனி ஆபீசுக்கு எழுதிப்போட்டால் இறங்கியதும் கொடுப்பார்கள் என்று மதினி வீட்டுக்காரர் சொன்னார். விடுதியில் உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்துப்போட்டேன். கடைசியில் மூன்று வரிதான் நின்றது. "தங்கள் தந்தி கிடைத்தது. குறித்த நாளில் தங்களுக்குத் திருமணம் நல்லபடியாக நடந்தது. பெண் நான்தான்."

அந்தக் கப்பல் பட்ட பாட்டைப் பிறகு அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கால்வாயின் வாயை நெருங்கியபோது திரும்பிப் போ என்று செய்தி வந்ததாம். வந்த கடலையே திரும்பக் கடந்து, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரமாக இறங்கி, முனையைச் சுற்றி ஏறிவந்தார்கள். வழியெல்லாம் டாங்கியில் மிச்சம் வைத்திருந்த கேஸ் ஆவியாகிக்கொண்டே இருந்தது. அதைக் காப்பாற்ற இவர் மிஷின் பக்கத்திலேயே கிடந்திருக்கிறார். இருபது நாள் ஓட்டம் முப்பத்தைந்து நாளாக நீண்டபோது சின்ன கேஸ் கப்பல்களை வைத்திருந்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். இவருடைய கப்பலை அதற்குப் பிறகு ஐரோப்பாப் பக்கமே அனுப்பவில்லை, ஜப்பானுக்குத் திருப்பிவிட்டார்கள். நெசவாளி சொன்ன அஞ்சாறு மாசம் எட்டு வருஷமாயிற்று. நான் வேலைக்குச் சேர்ந்து, மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்ட பிறகுதான் அந்தக் கால்வாயைத் திறந்தார்கள்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடுதியில் பார்வையாளர் வந்திருப்பதாக ஆள் வந்து கூப்பிட்டது. போனால் அவர். மெலிந்து கறுத்திருந்தார். புதுசாகக் கட்டியவர்கள் ஆடியில் சேரக் கூடாது என்பதற்காக மதினியும் கூடவே காவலுக்கு வந்து, சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் எங்களைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தார். வராந்தா பெஞ்சில் இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவர். வார்டனம்மா உள்ளே கணக்கு நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"சாப்பாடெல்லாம் எப்படி?" என்று கேட்டார்.

"பரவால்ல." அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் ஒங்களுக்காகக் கழுத்த நீட்டல. இந்தச் சீட்டுக்காகத்தான் நீட்டுனேன். கால்வாய மூடிட்டாகன்னு ரேடியோவுல கேட்டப்பக்கூட ஒங்க நெனப்பு வரல. சீட்டு போச்சேன்னுதான் இருந்துச்சு."

சொல்லிவிட்டுப் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் எழுந்து போய்விடுவார், போகட்டும், இந்த மனுஷனிடம் பொய்யோடு இருக்க முடியாது என்று நினைத்தேன். அவர் போகவில்லை. உள்ளங்கையில் சுட்ட தழும்பு ஒன்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"சீட்டு கெடச்சிருச்சுல்ல?"

"ம்."

"அப்ப அது ஆச்சு. நானும் ஒண்ணு சொல்லணும். பம்பாயில ஒன் கடுதாசியப் படிச்சதுல இருந்து, ரயில்ல ஏறி ஊரு வந்து சேர்ற வரைக்கும் ஒம் மொகத்த நெனைக்கப் பாத்தேன். வரவே இல்ல. தையில வந்தப்ப நீ குனிஞ்ச தலய நிமித்தல. நான் பாத்தது ஒன் வகிட்ட மட்டுந்தான். கட்டுன பொண்டாட்டி மொகம் தெரியலையேன்னு எனக்கு ஒரே வெக்கமாப் போச்சு. அதான் வீட்டுல ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காம அக்காவ இழுத்துக்கிட்டு வந்துட்டேன்."

அதுவரைக்கும் நான் தரையைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தேன். அப்போது நிமிர்ந்தேன். மதினி பார்க்கிறார், வார்டனம்மா பார்ப்பார் என்று எதுவும் தோன்றவில்லை. அவர் நன்றாகப் பார்த்து முடிக்கும்வரை முகத்தை அப்படியே வைத்திருந்தேன்.